மேத்யூ பாரிஸ்: எழுதியவர், வரைந்தவர், சுரண்டியவர்

கேம்பிரிட்ஜின் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் பார்க்கர் நூலகம் இருக்கிறது. அங்கே 16 என்று எண்ணிட்ட தோல் ஏட்டைப் புரட்டினால் பக்க ஓரங்களில் சின்னச் சின்னக் கேடயங்கள் தென்படும். சில நேராக நிற்கும், சில தலைகீழாகத் தொங்கும். கேடயம் தலைகீழாக இருந்தால் அந்தக் குடும்பச் சின்னத்துக்குரிய பிரபு அந்தப் பத்தியில் இறந்துபோகிறார் என்று அர்த்தம். கிரீடம் நிமிர்ந்திருந்தால் முடிசூட்டு, கவிழ்ந்திருந்தால் அரசன் சாவு. ஆயரின் தொப்பிக்கும் செங்கோலுக்கும் இதே கணக்குதான். இன்ன பிரபு எப்போது செத்தார் என்று தேடுகிறவர் லத்தீன் வரிகளுக்குள் இறங்கத் தேவையில்லை. ஓரத்தை ஓட்டமாகப் பார்த்துக்கொண்டு போனால் போதும்.

இப்படி ஓரத்தில் குறி போடும் யோசனையை 12ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே லண்டன் புனித பவுல் தேவாலயத்தில் இருந்த ரால்ஃப் டி டைசெட்டோ தன் வரலாற்றில் செய்துகாட்டிவிட்டார். அதை வாங்கிப் படமாக வளர்த்தவர் செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் துறவி மேத்யூ பாரிஸ். 13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தைப் பற்றி எழுதுகிற எவரும் அவர் பக்கம் போகாமல் முடியாது. ஆனால் பெரும்பாலோர் அவரை அச்சுப் புத்தகத்தில் வாசிக்கிறார்கள். ஹென்றி லூவர்ட் 1872க்கும் 1883க்கும் இடையில் ஏழு தொகுதிகளாகப் பதிப்பித்தது அருமையான உழைப்பு, சந்தேகமில்லை. இருந்தாலும் அச்சுக்குப் போனபோது பாதி மேத்யூ தோல் ஏட்டிலேயே தங்கிவிட்டார். எழுதியவரும் வரைந்தவரும் படியெடுத்தவரும் ஒருவரே என்கிறபோது, வாக்கியம் சொல்லாததைப் பக்கம் சொல்லிவிடுகிறது.

வாழ்க்கை விவரம் கொஞ்சம்தான். 1200ஐ ஒட்டிப் பிறந்திருக்க வேண்டும். 1217 ஜனவரி 21 அன்று செயின்ட் ஆல்பன்ஸில் துறவு உடை அணிந்தார். பெயரில் பாரிஸ் இருந்தாலும் மனதளவில் முழு ஆங்கிலேயர், வெளிநாட்டவர் மீது எரிச்சல் கொண்டவரும்கூட. லண்டனுக்கு வடக்கே ஏறக்குறைய 32 கிலோமீட்டரில், வடக்கே போகும் பெருவழியில் மடம் இருந்தது. போகிற வருகிற பிரபுக்கள், ஆயர்கள், தூதர்கள் அங்கே தங்குவார்கள், செய்தியும் அவர்களோடு வந்து இறங்கும். மடத்தில் அவருக்கு முன் வரலாறு எழுதிவந்த ரோஜர் ஆஃப் வெண்டோவர் 1236இல் இறந்தார். மேத்யூ அவருடைய நூலை எடுத்துத் திருத்தி, இடைச்செருகல்கள் சேர்த்து, அதன்பின் தானே தொடர்ந்தார். அதுதான் ‘க்ரோனிகா மயோரா’ என்னும் பெரிய கால வரலாறு. உலகப் படைப்பிலிருந்து 1188 வரை ஒரு தொகுதி (பார்க்கர் 26), 1189 முதல் 1253 வரை இன்னொன்று (பார்க்கர் 16). 1254 முதல் 1259 வரையிலான கடைசிப் பகுதி பிரிட்டிஷ் நூலகத்தில், அவருடைய சுருக்க வரலாறான ‘ஹிஸ்டோரியா ஆங்லோரம்’ இருக்கும் அதே தொகுப்பில் இருக்கிறது. முதல் தொகுதியில் பெரும்பகுதி வேறு எழுத்தர்கள் படியெடுத்தது, மேத்யூ அதில் திருத்தமும் ஓரக்குறிப்பும் சேர்த்தார். பிற்பகுதியில்தான் அவர் கையெழுத்து பக்கம் பக்கமாக ஓடுகிறது.

அவர் எழுத்து அழகான எழுத்தல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்து உயர்தர வேதப் பிரதிகளின் எழுத்து, வேலிக்கம்பிகள் மாதிரி இடைவெளி பிசகாமல் நிற்கும். மேத்யூவின் எழுத்து வேகமாக ஓடும், ஒரு பக்கத்துக்குள்ளேயே அளவு மாறும், வரியை விட்டு ஏறி இறங்கும். 1250களின் பிற்பகுதியில் பெரிதாகி, நடுங்கத் தொடங்கும். எழுத்தழகுப் போட்டியில் அவருக்கு இடம் கிடைக்காது. ஆனால் அந்த ஒழுங்கின்மையே அடையாளமாகிவிட்டது. 1950களில் ரிச்சர்ட் வான் அவர் எழுத்தை நுணுக்கமாக ஆராய்ந்து, எந்த ஏட்டில் எந்தப் பகுதி அவர் கையால் ஆனது என்று பிரித்துக்காட்டினார். ஒழுங்கான வேதப் பிரதி எழுத்தாக இருந்திருந்தால் அது சாத்தியப்பட்டிருக்குமா என்பது சந்தேகம்.

வேலை எப்படி நடந்தது என்று பார்த்தால்தான் இந்த மனிதரின் அளவு பிடிபடும். பார்க்கர் தொகுதிகளின் ஏடு ஏறக்குறைய 36 செ.மீ. உயரம், 24 செ.மீ. அகலம். இரண்டாம் தொகுதியில் மட்டும் சுமார் 280 ஏடுகள், அதாவது நடுவே மடித்த 140 இரட்டைத் தாள்கள். இந்த அளவில் ஒரு செம்மறித் தோலில் ஒன்று, பெரிய தோலாக இருந்தால் இரண்டு இரட்டைத் தாள் தேறும். ஆக ஒரு புத்தகத்துக்கு ஒரு மந்தையே வேண்டும். தோலைச் சுண்ணாம்பு நீரில் நாள்கணக்கில் ஊறவைத்து மயிரை வழித்து, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஈரமாக இருக்கும்போதும் காய்ந்த பிறகும் பிறை வடிவக் கத்தியால் சீவுவார்கள். சீவலில் சின்னக் கீறல் விழுந்தால் இழுவிசையில் அது முட்டை வடிவ ஓட்டையாக விரிந்துவிடும். இடைக்கால ஏடுகளில் எழுத்து ஓட்டையைச் சுற்றிப் போவதைப் பார்க்கலாம், அது இப்படி வந்ததுதான். மயிர்ப் பக்கம் மஞ்சளோடி வழவழப்பாக இருக்கும், சதைப் பக்கம் வெளுத்து மெத்தென்றிருக்கும். தாள்களை மடித்து அடுக்கும்போது மயிர்ப் பக்கத்துக்கு எதிரே மயிர்ப் பக்கமும் சதைக்கு எதிரே சதையும் வரும்படி வைப்பார்கள். இல்லையென்றால் திறந்த இரு பக்கங்களும் நிறம் ஒவ்வாமல் நிற்கும்.

பிறகு ஓரத்தில் ஊசிக் குத்து, குத்திலிருந்து குத்துக்கு ஈயக்குச்சியால் மெல்லிய கோடு. எழுதுவதற்கு வாத்தின் சிறகிலிருந்து எடுத்த பெரிய இறகு. வலக்கைக்காரருக்கு இடச் சிறகு இறகு வசதி, வளைவு கண்ணை மறைக்காமல் வெளிப்பக்கம் போகும். படங்களில் காண்கிற மாதிரி தூவி முழுவதும் விரிந்த இறகால் யாரும் எழுதவில்லை, தூவியைப் பெரும்பாலும் உரித்துவிடுவார்கள். சூடான மணலில் செருகித் தண்டை இறுக்கி, சாய்வாகச் சீவி, நடுவில் ஒரு பிளவு. பிளவு நீண்டால் மை கொட்டும், குறைந்தால் மை இறங்காது. இடக்கையில் எப்போதும் ஒரு சிறுகத்தி இருக்கும். எழும்பி நிற்கும் தோலை அழுத்திப் பிடிக்க, மழுங்கிய முனையைச் சீவ, தப்பைச் சுரண்ட, மூன்றுக்கும் அதே கத்திதான்.

மை விஷயத்தில் நம் நாட்டு மருந்துக் கடைக்காரருக்கு வேலையில்லாமல் இல்லை. கருவாலி (ஓக்) மரத்தில் குளவி முட்டையிட்டு உண்டாகும் மாசிக்காய், அன்னபேதி என்னும் இரும்பு உப்பு, கருவேலம் பிசின், மழைநீர் அல்லது திராட்சை மது: அந்த மையின் சரக்கு இவ்வளவுதான். பழைய குறிப்புகளில் அளவு பலவிதம். இன்று செய்து பார்ப்பவர்கள் எடைக்கு மாசிக்காய் 3 பங்கு, அன்னபேதி 2 பங்கு, பிசின் 1 பங்கு, நீர் 30 பங்கு என்று தொடங்குவார்கள். இடித்த மாசிக்காயை நீரில் சில நாள் ஊறவைத்து வடிகட்டி, அதில் அன்னபேதியைக் கரைத்து, கடைசியில் பிசின். பிசின் இல்லையென்றால் மை தோலில் பரவும், கூடிவிட்டால் இறகிலிருந்து இறங்காது. புதிதாக எழுதும்போது எழுத்து வெளிறித்தான் இருக்கும், காற்றுப் பட்டுப் பட்டுத்தான் கறுக்கும். அன்னபேதி மிஞ்சிப்போனால் காகிதத்தை அரித்து ஓட்டை போட்டுவிடும். சுண்ணாம்பு ஏறிய தோல் அந்த அமிலத்தைக் கொஞ்சம் தாங்கும், ஆனால் வழவழப்பான மயிர்ப் பக்கத்தில் மை செதிலாக உதிரும்.

மேத்யூவின் படங்கள் தங்கமும் அடர்வண்ணமும் அப்பிய படங்களல்ல. ஈயக்குச்சியில் மெலிதாக உருவம், மேலே பேனாக் கோடு, பிறகு பச்சையோ காவியோ நீலமோ சிவப்போ நீர்த்த சாயமாக ஒரு தடவல். முகமும் கையும் பெரும்பாலும் வெறுந்தோலாகவே விடப்படும். இங்கிலாந்தில் நார்மன்கள் வருவதற்கு முன்பிருந்தே இருந்த பாணி இது. அவருக்கு இது பொருந்தியதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. எழுதுகிற பேனாவையும் மையையும் மாற்றாமல் அப்படியே வரையலாம், சாயம் சீக்கிரம் காயும், பக்கத்தைத் திருப்பும்போது கனத்த வண்ணம் வெடித்து உதிராது. வண்ணத்தை நீராகப் பூசினால் தோல் சுருங்கும் என்பதுதான் இதில் தொல்லை, அதனால் அகலமாகப் பூசாமல் மடிப்புகளின் நிழலில் மட்டும் தொட்டுக்கொண்டு போவார்கள். செம்புக் களிம்பிலிருந்து எடுக்கும் பச்சை இன்னொரு தொல்லை. கெட்டியாக வைத்தால் தோலையே தின்று, பின்பக்கத்தில் பழுப்பாகத் தெரியும்.

இந்த வேகம் அவருக்கு எங்கே கைகொடுத்தது என்பதற்கு யானை சாட்சி. 1255இல் பிரான்ஸ் மன்னர் 9ஆம் லூயி, இங்கிலாந்தின் 3ஆம் ஹென்றிக்கு ஒரு யானையை அனுப்பினார். லண்டன் கோட்டையில் அதற்கென்று 40 அடி நீளம், 20 அடி அகலத்தில் கொட்டகை கட்டினார்கள். மேத்யூ நேரில் போய்ப் பார்த்து வரைந்தார், யானையையே முன்மாதிரியாக வைத்து வரைந்ததாகப் பக்கத்தில் எழுதியும் வைத்தார். வயது பத்து, உயரம் பத்தடி என்று குறித்தார். பக்கத்தில் பாகனையும் வரைந்து, அந்த மனிதனின் அளவை வைத்து மிருகத்தின் அளவைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள் என்றார். 1250களில் இப்படியோர் அளவுகோல் யோசனை! யானைக்கு முழங்கால் மூட்டு கிடையாது, மரத்தில் சாய்ந்து தூங்கும், மரத்தை அறுத்தால் விழுந்து எழ முடியாது என்று அந்தக் காலத்து மிருக நூல்கள் சொல்லிக்கொண்டிருந்தன. மேத்யூவின் யானைக்கு மூட்டு தெளிவாக இருக்கிறது. தும்பிக்கையை வேறு நிலையிலும் ஒரு முறை தனியாக வரைந்திருக்கிறார். கோயில் யானைகளைப் பார்த்து வளர்ந்த நம் கண்ணுக்குக் காதும் காலும் கொஞ்சம் இடறும்தான். யானை 1257இல் செத்துப்போயிற்று.

அதே கை, பார்க்காததை வரையும்போது என்ன ஆகிறது என்பதற்கும் அதே தொகுதியில் சாட்சி இருக்கிறது. மங்கோலியர்கள் மனிதர்களைக் கம்பியில் கோத்துச் சுட்டுத் தின்பதாக ஒரு படம். ஒரு மங்கோலியரைக்கூடப் பார்க்காமல், காற்றில் வந்த பயத்தை அப்படியே கோடாக்கிவிட்டார். 1255இல் லிங்கனில் ஹியூ என்ற சிறுவன் இறந்ததற்கு யூதர்கள்மேல் கொலைப் பழி சுமத்தி, லண்டனில் 18 பேரைத் தூக்கிலிட்டார்கள். அந்தப் பொய்யை விவரம் விவரமாக அலங்கரித்து அடுத்த நூற்றாண்டுகளுக்குக் கடத்தியதில் மேத்யூவுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் கலைத்திறனைக் கொண்டாடுகிறவர்கள் இதை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போகிறார்கள். தள்ளக்கூடாது. யானைக்கு முழங்கால் உண்டா என்று போய்ப் பார்த்தவர், இங்கே போய்ப் பார்க்க நினைக்கவில்லை.

வரைபடங்களில் அவர் இன்னும் சுவாரசியமானவர். லண்டனிலிருந்து தென் இத்தாலி வழியாகப் புனித நாடு போகும் பாதையை நெடுவரிசைகளாக வரைந்தார். இடது வரிசையின் அடியில் லண்டன், அங்கிருந்து மேலே படித்துக்கொண்டு போக வேண்டும், வரிசை முடிந்ததும் அடுத்ததன் அடியிலிருந்து மறுபடி மேலே. ஊருக்கு ஊர் நடுவே செங்குத்துக் கோடு, அதன் மேல் ‘ஒரு நாள் பயணம்’ என்று பிரெஞ்சில் எழுத்து. தூரத்தைத் தொலைவாக அளக்காமல் நாளாக அளந்தார். திசையும் கிடையாது, அளவும் கிடையாது. ஆனால் அடுத்து எங்கே தங்குவது என்ற கேள்விக்கு விடை உண்டு. இடம் போதாத இடத்தில் பக்க ஓரத்தில் தோல் துண்டுகளை ஒட்டி, மடித்துத் திறக்கும் இதழ்களாக்கினார். மடத்தை விட்டு வெளியே போக முடியாத துறவிகள் விரலால் எருசலேம் யாத்திரை போக இது பயன்பட்டிருக்கும் என்று டேனியல் கானலி வாதிடுகிறார். ஒட்டிய இதழ்களைப் பார்த்தால் ஒப்புக்கொள்ளத் தோன்றுகிறது, பார்த்துவிட்டு மூடிவைக்கிற படத்துக்கு யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

பிரிட்டன் தீவை நான்கு முறை வரைந்தார். இருப்பதில் முழுமையானதில் 250க்கு மேற்பட்ட இடப்பெயர்கள் இருக்கின்றன. வடக்கு மேலே. ரோமானியர்களின் இரண்டு மதில்கள் குறுக்கே ஓடுகின்றன, ஸ்காட்லாந்தின் வடபாதி ஸ்டெர்லிங் பாலம் ஒன்றால் மட்டும் ஒட்டிக்கொண்டு தொங்குகிறது. நியூகாசிலிலிருந்து டோவர் வரை ஊர்களை ஒரே நேர்கோட்டில் கோத்து, நடுவில் தன் மடத்தை வைத்துவிட்டார். டோவர் தென்கிழக்கு மூலையில் இருக்க வேண்டியது, கோடு நேராக வர வேண்டும் என்பதால் தெற்கு நடுவுக்கு வந்துவிட்டது. தோல் இடம் கொடுத்திருந்தால் தீவு இன்னும் நீளமாக இருக்க வேண்டும் என்று படத்திலேயே ஒரு குறிப்பும் வைத்தார். சிதைவு அவருக்குத் தெரிந்தே நடந்தது.

அவருடைய தொழில் என்ன என்று அவரே சொன்ன ஒரு வரி கிடைத்திருக்கிறது. டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் 177 என்ற எண்ணில் புனித ஆல்பனின் வாழ்க்கை இருக்கிறது. மேலே படம், கீழே பிரெஞ்சுச் செய்யுள், இரண்டும் அவருடையவை. அதன் முன்தாளில் ஒரு கடிதக் குறிப்பு: அருண்டெல் சீமாட்டியிடம் சொல்லி, நான் மொழிபெயர்த்து வரைந்த புனித தாமஸ், புனித எட்வர்டு புத்தகத்தை வாங்கி அனுப்புங்கள், கார்ன்வால் சீமாட்டி அதைப் பெந்தெகோஸ்து வரை வைத்துக்கொள்ளலாம். இரவல் புத்தகத்துக்குத் தவணை! அருகிலேயே வின்செஸ்டர் சீமாட்டியின் புத்தகத்தில் பக்கத்துக்கு இரண்டு புனிதர்களாகப் படம் அமைய வேண்டும் என்று ஒரு திட்டமும் இருக்கிறது. துறவிகளுக்கு லத்தீன், அரண்மனைப் பெண்களுக்குப் பிரெஞ்சும் படமும் என்று வாசகர் பார்த்து வேலை செய்திருக்கிறார்.

அரசனும் அவரை அறிவார். 1247 அக்டோபர் 13 அன்று கிறிஸ்துவின் இரத்தம் என்று சொல்லப்பட்ட பொருளை ஹென்றி வெஸ்ட்மின்ஸ்டருக்கு ஊர்வலமாகக் கொண்டுபோனார். கூட்டத்தில் மேத்யூவைக் கண்டு, அரியணைக்கும் தரைக்கும் நடுப்படியில் உட்காரவைத்து, நடந்ததையெல்லாம் விடாமல் எழுதும்படி சொன்னார், சாப்பாட்டுக்கும் அழைத்தார். அடுத்த ஆண்டு மேத்யூ லூயியின் கடிதத்தோடு நார்வே மன்னர் 4ஆம் ஹாக்கோனிடம் போனார். பிறகு போப்பின் கட்டளைப்படி ட்ரான்ட்ஹெய்முக்கு அருகே நிடார்ஹோல்ம் மடத்தின் குழப்பத்தைத் தீர்க்கும் பொறுப்பும் அவருக்கே வந்தது. 1257இல் ஹென்றி செயின்ட் ஆல்பன்ஸில் ஒரு வாரம் தங்கியபோது மேத்யூவோடு உட்கார்ந்து, இங்கிலாந்தின் 250 பிரபுப் பண்ணைகளின் பெயர்களைச் சொல்லி எழுதவைத்தார்.

இவ்வளவு நெருக்கமான அரசனைத்தான் பக்கம் பக்கமாகத் திட்டி வைத்திருந்தார். பேராசைக்காரன், வெளிநாட்டவர் கைப்பாவை என்றெல்லாம். போப்புக்கும் அதே மரியாதை. 1250உடன் வரலாற்றை முடித்துவிடலாம் என்று நினைத்து, மேத்யூவே, இங்கே நிறுத்து, வருங்காலம் கொண்டுவருவதைத் தேடாதே என்று தனக்கே செய்யுள் எழுதினார். அது நிற்கவில்லை, மறுபடி தொடர்ந்தார். வயதாக ஆக, எழுதியது பயமுறுத்தியிருக்க வேண்டும். சிவப்பு மையில் ஓரத்தில் ‘இது இடறல்’, ‘இது நீக்கம்’ என்று குறித்தார். ஹிஸ்டோரியாவில் கத்தியை எடுத்துச் சுரண்டினார், சுரண்டிய இடத்தில் மென்மையான வாசகம் எழுதினார், சில இடங்களில் தோல் துண்டை மேலே ஒட்டி மறைத்தார்.

சுரண்டுவது எளிதல்ல. இந்த மை தோலுக்குள் இறங்கிக் கடித்துக்கொள்ளும். மேல் அடுக்கைச் சீவினால் நார் எழும்பி, அதன் மேல் எழுதும் மை ஊறிப் பரவும், அதனால் பல்லாலோ வழவழப்பான கல்லாலோ தேய்த்துப் படியவைத்து, பிசின்பொடி தூவிய பிறகுதான் எழுத வேண்டும். அவசரத்தில் அதை விட்டுவிட்டால் திருத்திய இடம் தடித்த எழுத்தாகத் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். சுரண்டியதும் முழுசாகப் போவதில்லை, புற ஊதா ஒளியில் இரும்பின் எச்சம் கருமையாகத் தெரியும். இதையெல்லாம் விட வேடிக்கை, மேத்யூவின் மேற்பார்வையிலேயே முன்பு எடுத்த ஒரு சுத்தப் பிரதி (பிரிட்டிஷ் நூலகத்தில் காட்டன் நீரோ டி 5) திருத்தத்துக்கு முந்திய திட்டுகளோடு பத்திரமாகத் தப்பிவிட்டது.

அவர் 1259இல் இறந்ததும் தொடர்ந்து எழுதிய துறவி ஒரு குறிப்பு வைத்தார்: இதுவரை எழுதியவர் மேத்யூ பாரிஸ், எழுதிய கை மாறியிருந்தாலும் சொல்லும் முறை அவருடையதே, ஆகவே எல்லாம் அவர் பேரிலேயே சேரும். தன் பெயரைச் சொல்லத் தனக்குத் தகுதியில்லை என்று அந்தத் துறவி எழுதாமலே விட்டார். நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து அதே மடத்தின் தாமஸ் வால்சிங்கம், பொன் வெள்ளி வேலையிலும் சிற்பத்திலும் ஓவியத்திலும் லத்தீன் உலகில் மேத்யூவுக்கு நிகர் யாருமில்லை என்றார். அந்தப் பொன் வேலை எதுவும் அவருடையது என்று சொல்லும்படி இன்று கையில் இல்லை. மடத்துப் பாராட்டு என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்தே கேட்க வேண்டும்.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு: பார்க்கர் நூலகம் 26, 16 இரண்டையும் இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. 26இன் தொடக்கத் தாள்களில் பயணப் பாதையையும், 16இன் முன்தாளில் யானையையும் முதலில் எடுங்கள். பிறகு 16இல் 1240களின் பக்கங்களுக்குப் போய், எழுத்தை விட்டுவிட்டுக் கீழ் ஓரத்தை மட்டும் பாருங்கள். பிற்காலத்தில் புத்தகத்துக்கு அட்டை கட்டியவர்களின் கத்தி சில படங்களின் காலைக் கையை வெட்டியிருக்கும், அது மேத்யூவின் குறையல்ல. எழுத்து தடித்து ஊறியிருக்கும் வரிகள் கண்ணில் பட்டால் அங்கே பெரிதாக்கிப் பாருங்கள், பெரும்பாலும் அடியில் வேறொரு வாக்கியம் இருக்கும்.